ஐரோப்பிய ஒன்றியம்: செயல்படும் முறையும் தகவல் கிடைக்கும் இடங்களும்

ஐரோப்பிய ஒன்றியம் என்பது ஐரோப்பாவைச் சேர்ந்த 27 நாடுகள் உடன்படிக்கைகளின் மூலம் இணைந்து அமைத்துள்ள அரசியல், பொருளாதார ஒன்றியம் ஆகும். இதன் மக்கள்தொகை சுமார் 45 கோடி. அலுவல் மொழிகள் 24. உறுப்பு நாடுகள் தத்தம் அரசையும் நாடாளுமன்றத்தையும் படையையும் வைத்துக்கொண்டே, குறிப்பிட்ட சில துறைகளில் சட்டம் இயற்றும் உரிமையைப் பொது நிறுவனங்களிடம் ஒப்படைத்துள்ளன.

இந்த ஒன்றியம் இயற்றும் விதிகள் அதன் எல்லைக்கு வெளியே வாழ்பவர்களையும் பாதிக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மாந்தோப்பு, எள் வயல், கோழிப்பண்ணை, விசைத்தறிக்கூடம் ஆகியவற்றுக்கும், அங்குள்ள கல்லூரிகளில் படித்து வெளிநாடு செல்ல விரும்பும் மாணவர்களுக்கும் இவ்விதிகளோடு தொடர்பு உண்டு. இவை இரகசியமானவை அல்ல. எண்ணும் தேதியும் இடப்பட்டு, பெரும்பாலும் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே வெளியிடப்படுகின்றன. ஆனாலும் பலருக்கு இவை இடைத்தரகர் வாய்மொழியாகவோ, அனுப்பிய சரக்கு திரும்பி வந்த பின்னரோதான் தெரிய வருகின்றன. எனவே ஒன்றியம் செயல்படும் விதம், அதன் விதிகள் இப்பகுதிக்கு வந்து சேரும் வழி, அவற்றை மூலத்திலேயே படிக்கும் முறை ஆகிய மூன்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒன்றியமும் கூட்டமைப்பும்

நாடுகள் ஒன்றுசேர்ந்து அமைக்கும் அமைப்புகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. இந்தியா உறுப்பினராக உள்ள தெற்காசிய நாடுகளின் பிராந்தியக் கூட்டமைப்பான சார்க், 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் தொடங்கப்பட்டது. இதன் செயலகம் காத்மாண்டுவில் உள்ளது. சார்க் அமைப்பில் முடிவுகள் ஒருமனதாகவே எடுக்கப்படும். இரு நாடுகளுக்கு இடையேயான தகராறுகள் அங்கே விவாதத்துக்கு எடுக்கப்படுவதில்லை. எந்தச் சட்டத்தையும் உறுப்பு நாட்டின் மீது விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் 18ஆவது உச்சி மாநாடு நடந்தது. 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டிய 19ஆவது மாநாடு நடைபெறவில்லை. ஓர் உறுப்பினர் விலகி நின்றாலே முழு அமைப்பும் நின்றுவிடும் என்பதற்கு இது சான்று.

வளைகுடா ஒத்துழைப்பு மன்றம் மற்றொரு வகை. 1981இல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார், குவைத், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகள் இதனை அமைத்தன. 2003 முதல் இவை ஒரே சுங்க ஒன்றியமாக, வெளியிலிருந்து வரும் பொருள்களுக்குப் பொதுவான இறக்குமதி வரியைக் கொண்டுள்ளன. நாமக்கல் முட்டையின் ஏற்றுமதிச் சந்தைகளில் முக்கியமானவை இந்த நாடுகளே. எனினும் ஓமனுக்கோ கத்தாருக்கோ முட்டை அனுப்புபவர் அந்தந்த நாட்டு அரசின் அனுமதியையும் தனித்தனியே கவனிக்க வேண்டியுள்ளது.

ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டையும் தாண்டியது. அதற்கெனத் தனிச் சட்டமும், அச்சட்டத்துக்குப் பொருள் கூறும் நீதிமன்றமும் உண்டு. ஒன்றியச் சட்டமும் உறுப்பு நாட்டின் சட்டமும் மோதும்போது ஒன்றியச் சட்டமே மேலானது என்பது அந்நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின், பிரான்சும் ஜெர்மனியும் மீண்டும் போரிடாமல் தடுப்பது எப்படி என்ற கேள்வியிலிருந்து இவ்வொன்றியம் பிறந்தது. 1950 மே 9 அன்று பிரான்சின் வெளியுறவு அமைச்சர் இராபர்ட் சூமன், போருக்கு அடிப்படையான நிலக்கரியையும் உருக்கையும் பொது நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரலாம் என்று அறிவித்தார். 1951இல் பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் கையொப்பமிட்டன. 1957 மார்ச் 25 அன்று ரோம் உடன்படிக்கை பொதுச் சந்தைக்கு அடித்தளமிட்டது. 1992இல் கையொப்பமான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை 1993 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது ‘ஐரோப்பிய ஒன்றியம்’ என்ற பெயர் நிலைபெற்றது. இன்றைய நிர்வாக அமைப்பு 2009 டிசம்பர் 1 முதல் செயல்படும் லிஸ்பன் உடன்படிக்கையை ஒட்டியது. குரோவேசியா 2013இல் கடைசியாகச் சேர்ந்தது. பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியது.

முதன்மை நிறுவனங்கள்

ஐரோப்பிய ஆணையம்: பிரஸ்ஸல்ஸ் நகரில் உள்ளது. நாட்டுக்கு ஒருவராக 27 ஆணையர்கள். சட்ட வரைவை முன்வைக்கும் உரிமை பெரும்பாலும் இதற்கே உண்டு. சட்டம் பின்பற்றப்படுகிறதா என்று கண்காணிப்பதும், வெளிநாடுகளுடன் வணிகப் பேச்சு நடத்துவதும் இதன் பணி.

ஐரோப்பிய நாடாளுமன்றம்: ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது. முதல் நேரடித் தேர்தல் 1979இல் நடந்தது. 2024 தேர்தலுக்குப் பின் உறுப்பினர் எண்ணிக்கை 720. இதன் முறையான இருக்கை ஸ்ட்ராஸ்பர்க். குழுக் கூட்டங்கள் பிரஸ்ஸல்ஸில் நடக்கின்றன.

அமைச்சர்கள் அவை: உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடும் அவை. வேளாண்மை பற்றிய கூட்டத்துக்கு 27 வேளாண் அமைச்சர்கள் வருவர்; நிதி பற்றியதற்கு நிதி அமைச்சர்கள் வருவர். பெரும்பாலான சட்டங்களுக்கு இங்கே இரட்டைப் பெரும்பான்மை தேவை: 55 விழுக்காடு நாடுகள், அதாவது 27இல் 15, அந்த நாடுகளில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காடாவது இருக்க வேண்டும். வரி, வெளியுறவுக் கொள்கை போன்றவற்றில் ஒருமனதான ஒப்புதல் வேண்டும்.

ஐரோப்பியத் தலைவர்கள் பேரவை: பிரதமர்கள், குடியரசுத் தலைவர்கள் கூடுவது. திசையை வகுக்கும், சட்டம் இயற்றாது.

நீதிமன்றம்: லக்சம்பர்க்கில் உள்ளது. இவை தவிர, யூரோ நாணயத்துக்குப் பொறுப்பான ஐரோப்பிய மைய வங்கி ஃபிராங்க்ஃபர்ட்டிலும், கணக்குத் தணிக்கை நீதிமன்றம் லக்சம்பர்க்கிலும் இயங்குகின்றன.

பல துறைகளுக்குத் தனி முகமைகளும் உண்டு. உணவுப் பாதுகாப்பு முகமை இத்தாலியின் பார்மாவிலும், வேதிப்பொருள் முகமை பின்லாந்தின் ஹெல்சிங்கியிலும் உள்ளன. இவை அறிவியல் கருத்துரை வழங்குகின்றன. அதன் அடிப்படையில் விதி செய்வது ஆணையமும் உறுப்பு நாடுகளும் ஆகும்.

சட்ட வகைகள்

ஒன்றியச் சட்டங்களில் மூன்று வகைகளை அறிந்துகொண்டால் போதும்.

ஒழுங்குவிதி: நடைமுறைக்கு வந்த நாளில் 27 நாடுகளிலும் அப்படியே சட்டமாகும். எந்த நாட்டு நாடாளுமன்றமும் அதை மீண்டும் நிறைவேற்றத் தேவையில்லை.

நெறியாணை: அடைய வேண்டிய இலக்கையும் காலக்கெடுவையும் சொல்லும். ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தின் மூலம் அதை நிறைவேற்ற வேண்டும்.

முடிவு: குறிப்பிட்ட நாட்டையோ நிறுவனத்தையோ பொருளையோ பற்றியது.

நாடாளுமன்றமும் அமைச்சர்கள் அவையும் நிறைவேற்றும் பெரிய சட்டங்களின் கீழ், ஆணையம் நூற்றுக்கணக்கான துணை விதிகளை வெளியிடுகிறது. இந்தியாவில் சட்டத்தின் கீழ் அரசாணைகளும் விதிகளும் வருவது போன்றது இது. ஏற்றுமதியாளரைப் பெரும்பாலும் தொடுவது இந்தத் துணை விதிகளே. உறுப்பு நாட்டு வல்லுநர்கள் அடங்கிய நிலைக்குழு வாக்களித்த பின் இவற்றில் பல வெளிவருகின்றன. செய்தித்தாள்களில் இவை இடம்பெறுவது அரிது.

அதிகாரம் யாரிடம் உள்ளது

எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பதற்கு அதிகாரப் பகிர்வே விடை தரும். சுங்க வரி, வெளிநாட்டு வணிகம் ஆகியவை ஒன்றியத்தின் தனி அதிகாரம். எனவே இந்தியா ஜெர்மனியுடன் மட்டும் தனியே வரிக் குறைப்பு ஒப்பந்தம் செய்ய இயலாது. ஆணையத்துடன்தான் பேச வேண்டும். 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022 ஜூனில் மீண்டும் தொடங்கிய இந்திய–ஐரோப்பிய ஒன்றியத் தடையற்ற வணிகப் பேச்சுவார்த்தை அவ்வாறே நடந்தது. வேளாண்மை, சுற்றுச்சூழல், உள்சந்தை போன்றவற்றில் அதிகாரம் பகிரப்பட்டுள்ளது. கல்வி, மருத்துவ சேவை ஆகியவை முதன்மையாக அந்தந்த நாட்டின் பொறுப்பு; ஒன்றியம் துணை நிற்கும்.

சேலம்–நாமக்கல் பகுதியைத் தொடும் விதிகள்

மாம்பழம், 2014: மல்கோவா, இமாம்பசந்த், பெங்களூரா போன்றவை சேலத்து மாம்பழம் என்ற பெயரில் அறியப்படுகின்றன. 2013ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற பழ, காய்கறிச் சரக்குகளில் 207இல் பழ ஈ முதலிய பூச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2014 மார்ச்சில் உறுப்பு நாட்டு வல்லுநர் குழு வாக்களித்தது. மே 1 முதல் மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு ஆகியவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. பழம் வரத்து மிகுந்த பருவத்தில் கதவு அடைக்கப்பட்டது. எந்த மாநிலப் பழம், எந்தத் தோட்டத்துப் பழம் என்ற வேறுபாடு இல்லை. தடை நாடு முழுமைக்குமானது. அப்போது ஒன்றியத்தில் இருந்த பிரிட்டன், இந்திய மாம்பழத்தின் பெரிய சந்தை. அங்குள்ள வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோதிலும், பிரிட்டனால் தனியாக விலக்கு அளிக்க இயலவில்லை. பின்னர் இந்தியா சிப்பமிடும் கூடங்களிலேயே ஆய்வைக் கடுமையாக்கியது. 2014 செப்டம்பரில் ஐரோப்பியத் தணிக்கைக் குழு வந்து பார்த்தது. 2015 ஜனவரியில் மாம்பழத் தடையை நீக்க முடிவானது. பூச்சி கண்டறிதல், குழு வாக்கெடுப்பு, தடை, தணிக்கை, நீக்கம் என்ற ஐந்து படிகளையும் இந்நிகழ்வில் காணலாம்.

எள், 2020: 2020 செப்டம்பரில் பெல்ஜியம், இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவின் எச்சம் இருப்பதாக மற்ற நாடுகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. நுண்ணுயிர்களை அழிக்கப் பயன்படும் இந்த வாயு, புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்டுள்ளது. எள்ளுக்கான ஐரோப்பிய உச்ச வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். சில சரக்குகளில் அதைப்போல் 1,000 மடங்குக்கும் மேல் இருந்தது. அக்டோபர் 22 தேதியிட்ட 2020/1540 எண்ணுள்ள ஒழுங்குவிதி, இந்திய எள் சரக்குகளில் பாதிக்கு, அதாவது இரண்டில் ஒன்றுக்கு, எல்லையில் சோதனை நடத்த உத்தரவிட்டது. ஒவ்வொரு சரக்குடனும் ஆய்வு முடிவும் அரசுச் சான்றிதழும் செல்ல வேண்டியதாயிற்று. எச்சரிக்கைக்கும் விதிக்கும் இடையே இருந்த காலம் இரண்டு மாதங்களுக்கும் குறைவு.

இதில் ஒரு பாடம் உண்டு. இந்திய எள் ஏற்கெனவே சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமிக்காகச் சோதிக்கப்பட்டு வந்தது. கிருமியை ஒழிக்கும் வாயு, எச்ச விதியை மீறச் செய்தது. ஒரு விதியை மட்டும் படித்து அடுத்ததைப் படிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. வாயுவைப் பயன்படுத்துவது பதப்படுத்தும் இடத்தில். ஆனால் சோதனைச் செலவும் தாமதமும் விலையில் கழியும்போது, எள் விளைவித்தவர் வரை அதன் சுமை இறங்குகிறது.

கோழிப்பண்ணை: முட்டை, முட்டைத் தூள், இறைச்சி போன்றவை ஐரோப்பாவுக்குச் செல்ல மூன்று அனுமதிகள் வேண்டும். நாடு ஒன்றியத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். ஆலை அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் அரசு நலச் சான்றிதழ் வேண்டும். பட்டியலில் இடம்பெற, மருந்து எச்சங்களைக் கண்காணிக்கும் ஆண்டுத் திட்டத்தை இந்தியா சமர்ப்பிக்கிறது. முட்டைப் பொருள்களுக்கு இப்பணியைச் செய்வது ஏற்றுமதி ஆய்வுக் குழு.

எல்லா ஐரோப்பிய விதிகளும் நாமக்கல்லுக்குப் பொருந்துவதில்லை. 1999/74 எண்ணுள்ள நெறியாணை, முட்டைக்கோழிகளைப் பழைய வகைக் கூண்டுகளில் வளர்ப்பதை 2012 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அது ஒன்றியத்துக்குள் உள்ள பண்ணைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். கால்நடை மருந்து பற்றிய விதி அவ்வாறு அன்று. கால்நடைகளின் வளர்ச்சியையோ உற்பத்தியையோ கூட்டுவதற்காக நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து கொடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு, 2023/905 எண்ணுள்ள ஒழுங்குவிதியின் மூலம் இறக்குமதிப் பொருள்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன் நடைமுறைத் தேதி 2026 செப்டம்பர் 3. விதி வெளியானது 2023இல். மூன்றாண்டு அவகாசம் பண்ணையாளருக்கு அளிக்கப்பட்டது. ஆனால் விதியை அறிந்தவருக்கே அது அவகாசம். இந்தியாவும் 2019 ஜூலையில் கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளிலும் கோழிகளிலும் பயன்படுத்துவதைத் தடை செய்துள்ளது.

சாயம்: குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் துணிக்கும் அருகிலுள்ள கரூரின் வீட்டு உபயோகத் துணிக்கும் சாயம் முக்கியம். சில அசோ சாயங்கள் சிதைந்து தீங்கான அமீன்களை வெளியிடுகின்றன. தோலில் நீண்ட நேரம் படும் துணிகளில் இவற்றின் அளவு கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இது ‘ரீச்’ எனப்படும் 1907/2006 எண்ணுள்ள ஒழுங்குவிதியின் 17ஆம் இணைப்பில் 43ஆவது பதிவாக உள்ளது.

உருக்கு: இறக்குமதிப் பொருளின் உற்பத்தியில் வெளியான கரிம வாயுவின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் விதிக்கும் எல்லைக் கரிமச் சரிக்கட்டல் முறை, 2023 அக்டோபர் 1 முதல் கணக்குக் காட்டும் காலமாகவும், 2026 ஜனவரி 1 முதல் முழு நடைமுறையாகவும் தொடங்கியது. இரும்பும் உருக்கும் இதன் பட்டியலில் உள்ளன. கட்டணம் கட்டுபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர்; ஆனால் கணக்கைத் தர வேண்டியது உற்பத்தி ஆலை. சேலம் உருக்காலை போன்ற துருப்பிடிக்காத உருக்கு ஆலைகளும், உருக்குப் பொருள் செய்யும் சிறு தொழில்களும் ஐரோப்பாவுக்கு விற்க முற்பட்டால் இக்கணக்கு தேவைப்படும்.

ஜவ்வரிசி: சேலம் ஜவ்வரிசி 2023இல் இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்றது. இந்தியப் பதிவு ஐரோப்பாவில் தானாகச் செல்லாது. அங்கே தனியே பதிவு செய்ய வேண்டும். டார்ஜிலிங் தேயிலை 2011இல் அவ்வாறு பதிவானது.

தகவல் கிடைக்கும் இடங்கள்

பின்வரும் அரசுத் தளங்கள் அனைத்தும் கட்டணமற்றவை. பதிவு செய்யாமலே பெரும்பாலானவற்றைப் படிக்கலாம். பிரிட்டன் விலகிய பின்னும் அயர்லாந்து, மால்டா ஆகியவற்றின் மூலம் ஆங்கிலம் அலுவல் மொழியாகத் தொடர்வதால், எல்லாச் சட்டங்களும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

சட்டம் படிக்க: யூர்-லெக்ஸ். ஒன்றிய அரசிதழும் உடன்படிக்கைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் இங்கே உள்ளன.

ஏற்றுமதியாளருக்கு: ஆக்சஸ் டூ மார்க்கெட்ஸ். பொருளின் சுங்கக் குறியீட்டு எண்ணையும், ‘இந்தியா’ என்பதையும், சேரும் நாட்டையும் கொடுத்தால் வரி, தேவையான சான்றிதழ்கள், தரக் கட்டுப்பாடுகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் காட்டும். வரி விவரத்தின் மூலம் டாரிக் என்ற தரவுத்தளம்.

உணவு, வேளாண் துறையினருக்கு: ராஸ்ஃப் என்ற விரைவு எச்சரிக்கை அமைப்பின் பொதுத் தளம். எந்த நாட்டுச் சரக்கு, என்ன குறைக்காக, எந்த நாளில் தடுக்கப்பட்டது என்பதை நாடு, பொருள் வாரியாகத் தேடலாம். பூச்சிக்கொல்லி எச்ச வரம்புகளுக்கு ஆணையத்தின் தனித் தரவுத்தளம் உள்ளது. இந்தியாவில் நடத்திய தணிக்கை அறிக்கைகளையும் ஆணையம் வெளியிடுகிறது.

சாயம், வேதிப்பொருள் துறையினருக்கு: ஹெல்சிங்கி வேதிப்பொருள் முகமையின் தளம்.

இன்னும் சட்டமாகாத வரைவுகளுக்கு: உலக வணிக அமைப்பின் உறுப்பினர்கள் உணவுத் தரம், தொழில்நுட்பத் தரம் பற்றிய வரைவுகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஈபிங் என்ற தளத்தில் பொருளைக் குறித்துவைத்தால் மின்னஞ்சலில் அறிவிப்பு வரும்.

மாணவர், பணி தேடுவோருக்கு: முதுகலை உதவித்தொகைக்கு எராஸ்மஸ் முண்டஸ் பட்டியல், ஆய்வாளர்களுக்கு யூராக்செஸ், வேலை, குடியேற்ற விதிகளுக்கு ஒன்றியத்தின் குடியேற்றத் தளம், பட்டத்தின் மதிப்பை அறிய எனிக்-நாரிக் மையங்களின் வலையமைப்பு, எந்தத் தொழிலுக்கு எந்த நாட்டில் அனுமதி தேவை என்று காட்டும் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களின் தரவுத்தளம்.

இந்தியாவில்: புதுதில்லியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதுக்குழு அலுவலகம் உள்ளது. ஏற்றுமதி அனுமதிக்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம். வேளாண் பொருள்களுக்கு அபேடா. ஆய்வு, சான்றிதழுக்கு ஏற்றுமதி ஆய்வுக் குழுவின் சென்னை முகமை. கைத்தறிக்குச் சென்னையில் உள்ள கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டு மன்றம். மாவட்ட அளவில் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். கோழி, தீவனம் பற்றிய அறிவியல் விளக்கத்துக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே உள்ளது.

ஒரு விதியைப் படிக்கும் முறை

முதலில் எண்ணைக் கவனிக்க வேண்டும். 2015 முதல் ஆண்டு முன்னும் வரிசை எண் பின்னும் வருகின்றன; 2020/1540 என்பது 2020ஆம் ஆண்டு விதி. அதற்கு முந்தைய ஒழுங்குவிதிகளில் ஆண்டு பின்னால் வரும். 1907/2006 என்பது 2006ஆம் ஆண்டு விதி. இந்த எண்ணை யூர்-லெக்ஸ் தளத்தில் இட்டால் விதி கிடைக்கும்.

அடுத்து, பிந்தைய திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்பட்ட ஒருங்கிணைந்த வடிவத்தைத் திறக்க வேண்டும். பழைய வடிவத்தைப் படித்து வரம்பைத் தவறாகக் கொள்வது அடிக்கடி நேர்வது. எள் உள்ளிட்ட பொருள்களின் எல்லைச் சோதனை விகிதம் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்யப்படுகிறது. சென்ற ஆண்டின் விகிதம் இவ்வாண்டுக்குப் பொருந்தாமல் போகலாம்.

மூன்றாவதாக, கடைசிப் பிரிவைப் பார்க்க வேண்டும். நடைமுறைக்கு வரும் தேதி அங்கேதான் இருக்கும். நான்காவதாக, ‘மூன்றாம் நாடுகள்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேட வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள எல்லா நாடுகளையும் குறிக்கும் சட்டச் சொல் அது. ஏழை நாடுகளைக் குறிப்பதன்று. இந்தியாவைத் தொடும் பிரிவு அதுவே. எண்களும் பொருள் பட்டியல்களும் இணைப்புகளில் இருக்கும்.

அடிக்கடி நேரும் குழப்பங்கள்

ஐரோப்பிய ஒன்றியமும் ஷெங்கன் பகுதியும் ஒன்றல்ல. அயர்லாந்தும் சைப்ரசும் ஒன்றியத்தில் உள்ளன. ஷெங்கன் பகுதியில் இல்லை. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஷெங்கன் பகுதியில் உள்ளன, ஒன்றியத்தில் இல்லை. டப்ளினில் படிக்கச் செல்லும் மாணவருக்கு ஷெங்கன் விசா பயன்படாது. அயர்லாந்தில் படிக்கும் அனுமதி பாரிஸ் செல்லவும் உதவாது.

‘ஐரோப்பிய விசா’, ‘ஐரோப்பா முழுதும் செல்லும் பட்டம்’ என்று விளம்பரம் செய்யப்படுவதுண்டு. நீண்டகாலக் கல்வி, வேலை அனுமதியை ஒவ்வொரு நாடும் தனியே வழங்குகிறது. உயர்திறன் பணியாளர்களுக்கான நீல அட்டைகூட ஒரு நாடு வழங்குவதே. அயர்லாந்தும் டென்மார்க்கும் அத்திட்டத்தில் இல்லை. இந்தியாவில் பெற்ற செவிலியர் பட்டத்தை ஜெர்மனி ஏற்றுக்கொண்டது என்பதால் இத்தாலி தானாக ஏற்காது. எராஸ்மஸ் முண்டஸ் படிப்புக்கு மாணவர் அந்தப் பல்கலைக்கழகக் கூட்டுக்கு நேரடியாகவே விண்ணப்பிக்கலாம், முகவர் தேவையில்லை. முகவருக்குப் பணம் கட்டும் முன் இவற்றை அரசுத் தளத்தில் சரிபார்ப்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் காக்கும்.

ஐரோப்பிய மன்றம் என்பது வேறோர் அமைப்பு. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள அது மனித உரிமைக்கானது, ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று.

வெளியாரும் கருத்துக் கூறலாம்

ஐரோப்பிய விதிகளை இயற்றும் நாடாளுமன்றத்துக்கு நாமக்கல் பண்ணையாளரோ சேலத்து விவசாயியோ வாக்களிப்பதில்லை. எனினும் அவர்களுக்கு ஒரு வழி திறந்துள்ளது. ஆணையம் தன் துணை விதிகளில் பலவற்றின் வரைவை, கருத்துக் கேட்புத் தளத்தில் நான்கு வாரம் வைக்கிறது. ஒன்றியக் குடிமக்கள் மட்டுமன்றி எந்த நாட்டவரும் சங்கமும் அங்கே கருத்துப் பதியலாம். உலக வணிக அமைப்பின் வழியே வரும் வரைவுகளுக்குப் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. அவற்றுக்கு இந்திய அரசின் வழியாகப் பதில் அனுப்ப வேண்டும். ‘இந்த மருந்துக்கு எங்கள் தட்பவெப்பத்தில் மாற்று இல்லை’, ‘இந்தச் சோதனைக்கு அருகில் ஆய்வகம் இல்லை’ என்பன போன்ற செய்திகளைச் சான்றுடன் சொல்வதற்கு உரிய காலம் அதுவே. விதி அரசிதழில் வந்துவிட்டால், அதன்பின் எஞ்சுவது அதற்குத் தயாராவது மட்டுமே.